பெயர் மறந்த மலை ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி

அம்மா சொன்னது இவ்வளவுதான்: "நடு ஊர்ல ரெண்டு குன்றுடா. ரெண்டு மேலயும் கோட்டை. பக்கத்துல பெரிய ஏரி. உங்கப்பா அந்தப் பேரை ரெண்டு தடவை சொன்னார், எனக்குத்தான் வாயில நுழையல."

1991 ஜூலையில் அப்பாவும் அம்மாவும் பத்து நாள் ஐரோப்பாவில் ரயிலேறிச் சுற்றினார்கள். வழியில் ஒரு மலை ஊரில் அரை நாள் இறங்கினார்கள். அங்கே எடுத்த ஃபிலிம் சுருளில் வெளிச்சம் பட்டுவிட்டது, ஒரு படம்கூடத் தேறவில்லை. அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு அது எந்த ஊர் என்று தெரிய வேண்டும்.

நாலு மாதம் தேடினேன். இப்போது திரும்பிப் பார்த்தால் நாலு நாள் வேலைதான். உங்களுக்கும் இப்படி ஓர் ஊர் இருந்தால், நான் சுற்றிய சுற்று உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

படம் காட்டாதீர்கள், முதலில் கேளுங்கள்

நான் செய்த முதல் தப்பு, அம்மா பேசி முடிப்பதற்குள் கைபேசியில் "ஏரி, கோட்டை, மலை" என்று தட்டி வந்த படங்களை வரிசையாகக் காட்டியது. பத்துப் படம் பார்த்ததும் அம்மாவின் ஏரிக்கு நடுவில் ஒரு தீவு முளைத்துவிட்டது. அதற்கு முன் தீவு என்ற பேச்சே இல்லை.

நினைவு அப்படித்தான் வேலை செய்யும். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். பார்த்தது ஒரே படம்தான், ஆனாலும் கடுமையான சொல்லைக் கேட்டவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு சொல்லுக்கே இப்படியென்றால் பத்து வண்ணப் படங்கள் என்ன செய்யாது?

ஆகவே முதல் வாரம் வரைபடமும் கூடாது, படமும் கூடாது. "ஏரி எவ்வளவு பெரிசு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே ஏரி உறுதியாகிவிடுகிறது. "ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் என்ன பார்த்த?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தினால் "அப்புறம்?" மட்டும் போதும். குரல் பதிவு செய்துகொள்ளுங்கள், குறிப்பெடுக்கிறேன் என்று எழுத ஆரம்பித்தால் பாதி போய்விடும்.

என் அனுபவத்தில், பல வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மெருகேறிய விவரங்களைவிட, உடம்பு நினைவில் வைத்திருக்கும் விவரங்கள் நம்பகமானவை. எந்தக் கைப்பக்கம்? ஏறும்போது மூச்சு வாங்கியதா? வெயில் முகத்தில் அடித்ததா, முதுகிலா? மலையின் உயரத்தை மீட்டரில் கேட்டால் பதில் வராது. கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, "வீட்டுக் கூரைக்கு மேல எத்தனை முஷ்டி இருந்தது?" என்று கேளுங்கள். நீட்டிய கையின் முஷ்டி சுமார் 10 டிகிரி. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகர மையம் 575 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே 5 கிலோமீட்டரில் உள்ள ஹாஃபெலேகார் சிகரம் 2,334 மீட்டர். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு முஷ்டி வரும். அம்மா இரண்டு குன்றுகளுக்கும் சேர்த்து ஒரே முஷ்டியைக் காட்டினாள், அதுவும் முழுசாக இல்லை. அப்படியானால் அவை உண்மையிலேயே ஊருக்குள் நிற்கும் குட்டிக் குன்றுகள்.

இந்த முறையில் கேட்ட பிறகு கிடைத்தவை இவை. ஸ்டேஷன் பெயர்ப்பலகை ரொம்பக் குட்டி, நாலே எழுத்து. ஒரு கோட்டையில் கூரையே இல்லை, வெறும் சுவர். ஆற்றுத் தண்ணீர் "அரிசி கழுவின தண்ணி மாதிரி". ஸ்டேஷன் வாசலில் நின்றால் எதிரே மலை முழுக்கப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், குன்றுகள் வலது கைப்பக்கம், முதுகுப் பக்கத்து மலை முழுக்கக் காடு. மதியம் ஒரு காற்று, சேலையைப் பிடித்துக்கொண்டே நடந்தாளாம். அப்புறம், கடைசியாகத் தயங்கித் தயங்கி: "சர்ச்சுக்குள்ள சுவத்துல, எட்டாத உயரத்துல, ஒரு அலமாரி தொங்கும். கதவுல எல்லாம் படம் வரைஞ்சிருக்கும். அவ்வளவு உசரத்துல எதுக்கு அலமாரி வெச்சாங்கன்னு உங்கப்பாகிட்ட கேட்டேன்."

அலமாரியை நான் குறித்துக்கூட வைக்கவில்லை. பதிவில் இருந்ததால் தப்பியது.

பெரிய அடையாளம் உதவாது

கோட்டை, ஏரி, மணிக்கூண்டு, ஆறு. மலைநகரம் என்றால் இதில் குறைந்தது மூன்று இருக்கும். தனித்தனியாக எடுத்தால் எதுவும் ஊரைக் காட்டாது. கோட்டையும் ஏரியும் என்று தேடினால் பிரான்சின் அன்சி வரும், ஸ்லோவேனியாவின் ப்ளெட் வரும், சுவிட்சர்லாந்தின் தூன் வரும். ப்ளெட்டில் மட்டும் நான் ஒரு மாதம் குடியிருந்தேன். செங்குத்துப் பாறைமேல் கோட்டை, ஏரி நடுவே தீவு, தீவில் 99 படி ஏறிப் போகும் தேவாலயம். அம்மாவின் ஏரியில் முளைத்த தீவு அங்கிருந்து வந்ததுதான்.

ஏரியை விட்டுக் கோட்டையைப் பிடித்தேன். சுவிட்சர்லாந்தின் பெல்லின்சோனாவில் மூன்று கோட்டைகள், 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. "மூணாவதை அம்மா கவனிச்சிருக்க மாட்டாள்" என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பிறகு பிரான்சின் லெ புயி. ஊருக்குள்ளேயே இரண்டு பாறைகள். ஒன்றின்மேல் 268 படி ஏறிப் போகும் சின்னத் தேவாலயம், மற்றொன்றின்மேல் பீரங்கிகளை உருக்கி வார்த்து 1860-ல் நிறுத்திய மாதா சிலை. "சிலையைக் கோட்டைன்னு நினைச்சிருப்பாள்."

இந்த இரண்டு சமாதானங்களையும் கவனியுங்கள். ஊருக்குப் பொருந்துவதற்காகச் சாட்சியைத் திருத்த ஆரம்பித்துவிட்டேன். அந்த நிமிடமே அந்த ஊரைக் கைவிட வேண்டும்.

உதவுவது இரண்டு. ஒன்று, எது எதற்குப் பக்கத்தில், எந்தக் கைப்பக்கம் என்ற அமைப்பு. கோட்டை ஆயிரம் ஊரில் இருக்கும், ஆனால் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது எதிரே திராட்சையும் வலப்பக்கம் இரட்டைக் குன்றும் முதுகில் காடும் ஓர் ஊரில்தான் இருக்கும். மற்றது, சொல்லவே கூச்சப்படும் சில்லறை விவரம். அதை யாரும் கதைக்காகச் சேர்ப்பதில்லை.

மலையும் ஆறும் கொடுக்கும் சாட்சி

இந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. மனிதர்கள் கட்டியதை இடிப்பார்கள், பெயர் மாற்றுவார்கள். பள்ளத்தாக்கு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

முதலில் வெயில். பூமியின் வடபாதியில், வெப்ப மண்டலத்துக்கு வெளியே, தெற்கு பார்த்த சரிவுதான் வெயில் சரிவு. திராட்சையும் வீடுகளும் அங்கே ஏறும், எதிர்ச் சரிவு நிழலில் காடாக நிற்கும். பிரெஞ்சில் இவற்றுக்குத் தனிச் சொற்களே உண்டு: வெயில் பக்கம் அத்ரே, நிழல் பக்கம் உபாக். ஆகவே திராட்சைச் சரிவைப் பார்த்து நின்ற அம்மா வடக்கே பார்த்து நின்றாள். வலது கைப்பக்கக் குன்றுகள் கிழக்கில். பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகப் போகிறது. ஒரு திராட்சைத் தோட்டம் திசைகாட்டி ஆகிவிட்டது. தென்பாதியில், நியூசிலாந்திலோ அர்ஜென்டினாவிலோ தேடுகிறீர்கள் என்றால் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வடக்கு பார்த்த சரிவுதான் வெயில் சரிவு.

அடுத்து தண்ணீரின் நிறம். பனியாறு நகரும்போது அடியில் உள்ள பாறையை மாவாக அரைக்கிறது. அந்த மாவு உருகும் நீரோடு கலந்து வருவதால் கோடையில் ஆறு வெளுத்த சாம்பல் நிறமாக ஓடும். அம்மாவின் அரிசி கழுவிய தண்ணீர் அதுதான், மாதமும் ஜூலை. மேலே எங்கோ பனியாறுகள் இருக்கின்றன.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அதுவரை நான் கெட்டியாகப் பிடித்திருந்த ஊர் தூன். ஆங்கில எழுத்தில் பெயர் நாலே எழுத்து, ஏரி உண்டு, மேட்டின்மேல் கோட்டை உண்டு. ஆனால் தூன் ஊர் ஏரியிலிருந்து ஆறு வெளியேறும் முனையில் இருக்கிறது. ஏரிக்குள் நீர் நின்று போவதால் மாவு அடியில் படிந்துவிடும். வெளியே வரும் ஆறு தெளிவாக, நீலப்பச்சையாக இருக்கும். வெளுத்த ஆறும் வேண்டும், ஏரியும் வேண்டும் என்றால் ஊர் ஏரிக்கு மேல்பக்கம், ஆறு ஏரிக்குள் நுழைவதற்கு முன்னால் இருக்க வேண்டும். அப்படியானால் அந்த ஊரிலிருந்து ஏரி தெரிய வேண்டும் என்ற அவசியமே இல்லை.

காற்றும் ஒரு சாட்சி. அகலமான, நீளமான பள்ளத்தாக்கில் கோடை மதியம் சரிவுகள் சூடேறி, காற்று கீழிருந்து மேலாகப் பள்ளத்தாக்கு வழியே ஏறும். மதியம் மட்டும் சேலையைப் பறிக்கும் காற்று என்றால் அது புயல் இல்லை, அன்றாட நடப்பு. ஊர் ஒடுங்கிய கணவாயில் இல்லை, அகன்ற பள்ளத்தாக்கின் தரையில் இருக்கிறது.

பெயரும் தண்டவாளமும்

பெயரின் உச்சரிப்பு மறந்தாலும் நீளம், வடிவம் மனதில் நிற்பதுண்டு. பலகையில் எத்தனை எழுத்து, புள்ளியோ வாலோ இருந்ததா, ஒரே பெயரா அல்லது கோடு போட்டு இரண்டு பெயரா என்று கேளுங்கள். இரண்டு பெயர் என்றால் அதுவே பெரிய துப்பு. இத்தாலியின் போல்சானோ ஜெர்மனில் போட்சென். ருமேனியாவின் பிரஷோவ் கதை இன்னும் வேடிக்கை: ஜெர்மன்காரர்களுக்கு க்ரோன்ஷ்டட், 1950 முதல் 1960 வரை ஸ்டாலின் பெயரில் ஓர் ஊர். இன்று அதைத் தேட வேண்டியதே இல்லை, மலைமேல் வெள்ளை எழுத்தில் பெயரை நட்டு வைத்திருக்கிறார்கள்.

ரயிலில் போன ஊர் என்றால் நாட்டைத் தேடாதீர்கள், பாதையைத் தேடுங்கள். ஒரு நாட்டில் ஆயிரம் ஊர் இருக்கும், ஒரு பாதையில் இருபது நிலையம். தண்டவாளத்தின் அகலம்கூட உதவும். டார்ஜிலிங் ரயிலுக்கு 610 மில்லிமீட்டர், சிம்லா ரயிலுக்கு 762. எண் யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஆனால் "பொம்மை ரயில் மாதிரி இருந்தது, சாலையோரம் கடைகளை உரசிக்கொண்டு போனது" என்று ஒருவர் சொன்னால் அது டார்ஜிலிங் பக்கம் சாயும். "சுரங்கம் மேல் சுரங்கம்" என்றால் சிம்லா.

எனக்கு இருந்த வேலை இதுதான். ஆல்ப்ஸில் பெரிய ஏரிகளுக்குள் நுழையும் வெளுத்த ஆறுகளைப் பிடித்து, ஆற்றுக்கு எதிராக மேலே ஏறி, நாலெழுத்து நிலையங்களைப் பார்ப்பது. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு மேலே ரைன் நதி, அங்கே கூர். நாலெழுத்து, ஆனால் இரட்டைக் குன்று இல்லை. ஜெனீவா ஏரிக்கு மேலே ரோன் நதி. அதில் ரொம்ப மேலே ப்ரிக், நாலெழுத்து, ஆனால் அங்கே கண்ணில் படுவது வெங்காயக் குமிழ் வைத்த மூன்று கோபுரங்கள் உள்ள மாளிகை. அம்மா அதை விட்டிருக்க மாட்டாள். இடையில் இன்னொரு நாலெழுத்து: சுவிட்சர்லாந்தின் சியோன்.

வரைபடத்தைப் பெரிதாக்கினேன். ஸ்டேஷன் வாசல் வடக்கே பார்க்கிறது. எதிரே திராட்சை. வலப்பக்கம், வடகிழக்கில், இரண்டு குன்றுகள். ஒன்று டூர்பியோன், அதன் மேலிருந்த கோட்டை 1788-ல் எரிந்ததிலிருந்து கூரையில்லாச் சுவர். மற்றொன்று வலேர், மதில் சூழ்ந்த தேவாலயம். ராத்திரி ஒன்றரை மணி. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

கருவிகள்

சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். கூகுள் எர்த்தில் தரைமட்டத்துக்கு இறங்கி ஸ்டேஷன் வாசலில் நின்று சுற்றிப் பாருங்கள், மேலிருந்து பார்க்கும் படம் நினைவோடு பொருந்தாது. பீக்ஃபைண்டர் ஓர் இடத்திலிருந்து தெரியும் மலைவரிசையைக் கோடாக வரைந்து காட்டும், பழைய புகைப்படம் கையில் இருந்தால் அந்தக் கோட்டோடு ஒப்பிடலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் தகவலை ஓவர்பாஸ் டர்போ என்ற இணையதளம் வழியாகக் கேள்வி கேட்கலாம்: "ரயில் நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் இரண்டு கோட்டைகள் உள்ள இடங்கள்" என்பது போல. கேள்வி எழுதும் முறை முதலில் படுத்தும், ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். இந்தக் கேள்வியை முதல் வாரமே கேட்டிருந்தால் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன். படத்தைக் கொடுத்துத் தேடும் வசதி பிரபலமான ஊர்களுக்கு நன்றாக வேலை செய்யும், சின்ன ஊர் என்றால் சாயலில் உள்ள பிரபல ஊரைக் கொண்டுவந்து நிறுத்தும்.

ஒரு எச்சரிக்கை. இன்றைய படத்தை அன்றைய நினைவோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். சிம்லாவில் ஜாக்கூ குன்றின்மேல் தெரியும் 108 அடி அனுமார் சிலை 2010-ல் வந்தது. அதற்கு முன் போனவருக்கு அது நினைவில் இல்லை என்பதால் சிம்லா இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. லூசெர்ன் நகரின் மரப்பாலம் 1993 ஆகஸ்டில் பெரும்பகுதி எரிந்து மறு வருடம் திரும்பக் கட்டப்பட்டது. போஸ்னியாவில் உள்ள மோஸ்தாரின் கல்பாலம் 1993 நவம்பரில் இடிந்து 2004-ல் மறுபடி எழுந்தது. இடையில் போனவர் "பாலமா? அங்க பாலமே இல்லையே" என்றால் அவர் சொல்வது சரி.

உறுதி செய்வது

ஊர் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் படத்தைக் காட்டிவிடாதீர்கள். காட்டினால் "ஆமா, இதேதான்" என்று யாரும் சொல்வார்கள். ப்ளெட்டுக்கும் அம்மா ஆமா சொன்னாள். முதலில், அவர் இதுவரை சொல்லாத, நீங்கள் மட்டும் இப்போது தெரிந்துகொண்ட ஒரு விவரத்தைக் கேளுங்கள்.

ஊருக்குள்ளிருந்து ஏறினால் பாதை இரண்டு குன்றுக்கும் நடுவே உள்ள தாழ்வில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து இடப்பக்கம் டூர்பியோன், வலப்பக்கம் வலேர். மறுநாள் அம்மாவிடம் கேட்டேன்.

"மேல ஏறினியே, ரெண்டுல எதுக்கும்மா போனீங்க?"

"வலது பக்கத்துக்கு. இடது பக்கம் இன்னும் உசரம், ஒரே இடிபாடு. உங்கப்பா அங்கயும் போகலாம்னார். இந்தக் காத்துல என்னால முடியாது, நீங்க வேணா போங்கன்னேன். போகல."

அப்போதுதான் அலமாரி ஞாபகம் வந்தது. வலேர் தேவாலயத்தின் மேற்குச் சுவரில், தரையிலிருந்து எட்டாத உயரத்தில், தூக்கணாங்குருவிக் கூடு போல ஓர் ஆர்கன், குழாய்களில் காற்றுப் புகுந்து ஒலிக்கும் பெரிய வாத்தியம், தொங்குகிறது. 1430-களில் செய்தது, இன்றும் வாசிக்க முடிகிற ஆர்கன்களில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. இரண்டு பக்கமும் விரியும் கதவுகள், கதவுகளில் ஓவியம். அந்தப் படத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வைத்துப் பார்த்தாள். "இது அலமாரிதானே? வாத்தியமா இது?"

மிச்சம் இருந்தது ஏரி. சியோனில் இருந்து ஏரி தெரியாது. "ரயில்ல ஏரி உன் பக்கத்து ஜன்னல்லயா தெரிஞ்சுது?" ஆமாம், வலது பக்கம், தண்ணீரிலேயே நிற்கிற மாதிரி ஒரு கோட்டையோடு. "குன்று தெரிஞ்சது?" "அது அந்தப் பக்கம். உங்கப்பா எழுந்து வந்து பாருன்னார், எழுந்து போய்ப் பார்த்தேன்." கிழக்கே போகும் ரயிலில் ஏரி வலப்பக்கம்தான். கரையை ஒட்டி நிற்கும் அந்தக் கோட்டையும் வலப்பக்கம், தண்டவாளத்துக்கு வெகு அருகில். ஒரு மணி நேரத்துக்குள் சியோன் வரும், குன்றுகள் இடப்பக்கம். இரண்டு ஜன்னலில் பார்த்த இரண்டு காட்சியை முப்பது வருடம் ஒன்றாக மடித்து வைத்திருக்கிறாள்.

ஏன் மடித்தாள் என்பதும் அப்போது விளங்கியது. ஏரிக்கரைக் கோட்டையின் பெயர் ஷியோன். ஊரின் பெயர் சியோன். அப்பா ஒரே பேரை ரெண்டு தடவை சொல்லவில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். இரண்டையும் இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்றாள். ஏரியை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.